ஓடுகிறவருக்கும் ஒரு மேலங்கி



நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் மிகவும் கடினமானது கடைசிக் கிலோமீற்றர் அன்று, வீட்டு வாசற்படியே என்பார்கள். கோடையில் இச்சொல்லின் பொருள் விளங்காது. குளிர்நாடுகளில் மார்கழி மாதத்து விடியற்காலையில் அது நன்றாக விளங்கும்.

நமது நாட்டில் டிசெம்பர் மாதத்திலும் பகற்பொழுது 11 மணித்தியாலங்களுக்குக் குறைவதில்லை. அதே நாட்களில் ரொறன்ரோவில் பகல் ஏறத்தாழ 9 மணித்தியாலங்கள். ஒஸ்லோவில் 6 மணித்தியாலங்களுக்கும் சற்றுக் குறைவு. வேலைக்குப் புறப்படும்போதும் இருள், திரும்பி வரும்போதும் இருள். அந்நகரங்களில்தான் நம்மில் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் வாழ்கின்றார்கள். உடல்நலத்துக்காகவும் மனஆறுதலுக்காகவும் கோடையில் ஓடத் தொடங்கியவர்கள், பனி கொட்டத் தொடங்கியதும் சப்பாத்துகளை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

இதனைச் சோம்பல் என்று நாம் இலகுவில் தீர்ப்பிட்டுவிடலாகாது. சூரிய ஒளி குறையும் மாதங்களில் சிலருடைய உள்ளமும் சோர்ந்து போவதை அமெரிக்க மனநல மருத்துவர் நோர்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் 1984ஆம் ஆண்டு விரிவாக எடுத்துரைத்தார்கள். அதிக உறக்கம், களைப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியன அதன் அடையாளங்கள். இந்நிலை நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்னும் புத்திமதி போதாது. எனினும், இத்தகைய நோய் இல்லாதவர்களும் குளிர்காலத்தில் ஓட்டத்தைக் கைவிடுகிறார்களே, ஏன்? ஓடுவதற்கு ஆசை வரட்டும் என்று காத்திருப்பதே காரணம் என்பது எனது கருத்து. இருளிலும் குளிரிலும் அந்த ஆசை முந்தி வருவதில்லை. ஓடத் தொடங்கி, உடல் சூடேறிய பின்னரே அது வந்து சேருகிறது.

இதனைச் செபவாழ்விலும் நாம் அறிவோம். 1548இல் அச்சேறிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூல், தொடக்கத்திலேயே நடத்தலையும் ஓடுதலையும் உவமையாக எடுத்துக்கொள்கிறது. அவை உடலுக்குப் பயிற்சியாவதுபோல, செபமும் தியானமும் ஆன்மாவுக்குப் பயிற்சி என்கிறார் அவர். அதே நூலில் அவர் தரும் ஓர் ஒழுங்கு உண்டு: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்னர் தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது. இருள் ஆலோசனை கேட்பதற்குரிய இடமன்று. ஆன்மாவுக்காகச் சொல்லப்பட்ட இவ்வொழுங்கு, காலை ஐந்து மணிக்குப் போர்வைக்குள் கிடந்து "இன்று வேண்டாமே" என்று எண்ணுகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

செக்கோஸ்லோவாக்கிய நாட்டு இராணுவ வீரரான எமில் சட்டோபெக் கனத்த இராணுவச் சப்பாத்துகளோடு பனியில் ஓடிப் பயிற்சி பெற்றவர். அவர் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றார். அந்த மரதன் அவர் தம் வாழ்நாளில் ஓடிய முதலாவது மரதன்! ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் வேறெவரும் இன்றுவரை இல்லை. உலகம் கண்டது கோடையில் கிடைத்த வெற்றியை. அதற்கான விலை, பார்ப்பார் எவருமில்லாத குளிர்காலங்களில் செலுத்தப்பட்டது.

ஆனால் எல்லோரும் சட்டோபெக் ஆக வேண்டியதில்லை. சாதாரண மனிதருக்குச் சிறிய ஒழுங்குகளே போதும். உடைகளை முதல்நாள் இரவே எடுத்து வையுங்கள். பருத்தி உடை வியர்வையில் நனைந்து குளிரூட்டும். ஆகவே உடலோடு ஒட்டிய உடை வியர்வையை வெளியேற்றுவதாகவும், அதன்மேல் அணிபவை மெல்லிய அடுக்குகளாகவும் இருக்கட்டும். வாகன ஒளியில் மின்னும் மேற்சட்டையை மறவாதீர்கள். புறப்படும்போது எதிர்க்காற்றிலும், வியர்த்துத் திரும்பும்போது காற்று முதுகில் படும்படியும் ஓடுங்கள். பத்து நிமிடங்கள் மட்டும் ஓடுவேன் என்று வெளியே இறங்குங்கள்; அதன்பின்னும் மனமில்லையாயின் திரும்பிவிடலாம். வீதி உறைந்து வழுக்கும் நாளிலும் கடுங்குளிர் எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலும் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்வது கோழைத்தனமன்று, விவேகம். தூரத்தைக் குறைக்கலாம், குறித்த நாளைக் கைவிடலாகாது.

விவேகத்தைப் பற்றிப் பேசும்போது திருத்தூதர் பவுலை நினையாமல் இருக்க முடியாது. கொரிந்து நகருக்கு அருகே இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அந்நகர மக்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஓட்டப்பந்தய வீரரையே அவர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில், தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாக அவர் கூறும் இடத்தை நாம் அடக்கச் சடங்குகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில், சில வரிகள் கழித்து அவர் என்ன கேட்கிறார் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரும்படி திமொத்தேயுவிடம் வேண்டுகிறார். உடனிருந்த சிலர் அகன்றுவிட்டார்கள், லூக்கா மட்டுமே அருகில் இருக்கிறார். ஓட்டத்தை முடித்த அம்மாபெரும் வீரருக்கும் குளிர் குளிராகவே இருந்தது. அவருக்கும் ஒரு மேலங்கி வேண்டியிருந்தது. ஒரு துணை வேண்டியிருந்தது. அவற்றைக் கேட்க அவர் வெட்கப்படவில்லை.

அன்புப் பெற்றோரே, இங்குதான் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தொலைபேசியில் நம் வாயிலிருந்து முதலில் வருவது, "இந்தக் குளிருக்குள்ளே ஓடாதே பிள்ளை, தடிமன் பிடிக்கும்" என்பதே. அது அன்பினால் வருவது. எனினும் வாசற்படியில் தயங்கி நிற்கும் பிள்ளைக்கு, அது திரும்பிப் படுப்பதற்கான அனுமதியாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, "இன்றைக்கு ஓடினாயா? ஆரோடு ஓடினாய்?" என்று கேளுங்கள். தனியாக ஓடுவதாயின், உடன் ஓட ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் தமக்காக இருளில் காத்து நிற்கிறார் என்று அறிந்தால், படுக்கையை விட்டு எழுவது எளிதாகும். கடல் கடந்து நாம் மேலங்கியைக் கொண்டுபோக முடியாமலிருக்கலாம். ஆனால் கேட்கிற ஒரு குரலாக நாம் இருக்க முடியும்.

டிசெம்பர் 21 அல்லது 22இல் வடதிசை நாடுகளில் இருள் தன் உச்சத்தை அடைகிறது. அதன்பின் பகல் ஒவ்வொரு நாளும் சில நொடிகளாக, பின்னர் நிமிடங்களாக நீளத் தொடங்குகிறது. அவ்வேளையில்தான் திருச்சபை கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. குளிர் மட்டும் உடனே விலகுவதில்லை. சனவரியும் பெப்ரவரியும் இன்னும் கடுமையாகவே இருக்கும். ஒளி கூடத் தொடங்கிய பின்னரும் குளிரில் ஓடவேண்டிய நாட்கள் பல உண்டு. அந்நாட்களில் ஓடுகிறவர்களை நம் குடும்பச் செபத்தில் பெயர் சொல்லி நினைவுகூருவோம். செபித்த பின், மறவாமல் தொலைபேசியையும் எடுப்போம்.