கிரவுன் சத்தத்துக்குக் கொஞ்சம் காது கொடுங்க

டிஃபரன்ஷியல் பத்தி 13 மார்க் கேள்வி வந்தா நம்மில் பல பேர் படத்தோட எழுதிடுவோம். கிரவுன் வீல், பினியன், சைடு கியர், ரெண்டு ஆக்சில். ஆனா ஒரு பழைய அம்பாசிடர் பின்பக்கம் ஊளையிட்டுக்கிட்டே போனா, அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு எத்தனை பேரால சொல்ல முடியும்? படம் வரையறதைவிட இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோட வடிவத்துல 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி அம்பாசிடர். எஞ்சின் முன்னாடி, டிரைவ் பின்னாடி. பழைய ஜீப், டாடா 407 எல்லாமே இதே ஏற்பாடுதான். ஐயம்பேட்டை மாதிரி தறி ஊர்ல இப்படி ஒரு வண்டி வாடகைக்கு ஓடுதுன்னா, அது ஒரு குடும்பத்தோட வருமானம். பின்னாடி சத்தம் வந்ததும் "கிரவுன் போச்சு, செட்டையே மாத்தணும்"னு யாராவது சொல்லிட்டா செலவு பெருசு. அப்புறம் பார்த்தா தேஞ்சது வீல் பேரிங்கா இருக்கும், இல்லன்னா டயரா இருக்கும்.

சத்தம் எப்ப வருதுன்னு பார்த்தாலே பாதி விடை கிடைச்சிடும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஊளை, விட்டா அடங்குதுன்னா கிரவுன்-பினியன் பல் மேல சந்தேகப்படலாம். நேரா போனா அமைதி, வளைவுல மட்டும் சத்தம்னா உள்ளே இருக்கிற சின்ன கியர்களையும் வீல் பேரிங்கையும் பார்க்கணும். கிளட்ச் விடும்போது 'டொக்'னு ஒரு அடி விழுந்தா முதல்ல புரொப்பெல்லர் ஷாஃப்டோட யூனிவர்சல் ஜாயின்ட். ரோடு மாறினதும் சத்தமும் மாறினா டயர்.

இதுல நம்ம கணக்கும் உதவும். உதாரணத்துக்கு பினியன்ல 10 பல், கிரவுன்ல 41 பல், டயர் சுற்றளவு 2 மீட்டர்னு வைங்க. 36 கி.மீ. வேகத்துல சக்கரம் நொடிக்கு 5 சுற்று. 5-ஐ 41-ஆல பெருக்கினா 205 ஹெர்ட்ஸ். 72-ல போனா 410. ஃபோன்ல இலவசமா கிடைக்கிற ஸ்பெக்ட்ரம் ஆப்ல அந்த இடத்துல கோடு நிமிர்ந்து, வேகத்தோட சேர்ந்து நகர்ந்தா பல்தான் பேசுதுன்னு நம்பலாம். அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரை ஹவுசிங்ல வெச்சு, மறுமுனையைக் காதுல வெச்சு கண்டுபிடிக்கிறதும் கிட்டத்தட்ட இதேதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஆயிலை இறக்கிப் பாருங்க. மினுமினுன்னு மெல்லிய பொடி இருந்தா வழக்கமான தேய்மானம். துண்டு துண்டா இரும்பு வந்தா பல்லோ பேரிங்கோ உடையுது, வண்டியை அதுக்கு மேல ஓட்டக்கூடாது. சில சமயம் ஆயில் சீல் கசிஞ்சு அளவு குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். பிரிச்சாச்சுன்னா அவசரம் வேண்டாம். பல் மேல சாயம் தடவிச் சுத்தி, தடம் பல்லோட நடுவுல விழுதான்னு பார்க்கணும். பேக்லாஷை டயல் கேஜ்ல அளந்து, ஷிம் வெச்சு சரி பண்ணணும். கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் தேய்ச்சுப் பொருத்தப்படுது. ஒண்ணை மட்டும் மாத்தினா ஊளை தீராது.

"எல்லாம் இவி ஆகிட்டு இருக்கு, இப்ப எதுக்கு இது?"ன்னு கேட்கலாம். இவி காருக்குள்ளயும் டிஃபரன்ஷியல் இருக்கு. எஞ்சின் இரைச்சல் இல்லாததால கியர் ஊளை இன்னும் தெளிவா கேட்கும். இந்தத் திறமைக்கு வேலை கூடத்தான் போகுது.

பழுது பார்க்கும் உரிமைக்குன்னு மத்திய அரசு 2022-ல ஒரு இணையதளமே திறந்தது. அதுல வாகனத் துறையும் உண்டு. மேனுவல் கிடைச்சாலும் பழுதை அடையாளம் காண ஆள் வேணுமே.

அதனால நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. பெயின்ட் அடிச்ச கட் செக்ஷன் மாடல் பக்கத்துல, காயலான் கடையில கிடைக்கிற சத்தம் போடுற ஒரு பழைய ஆக்சிலையும் வைங்க. மோட்டார்ல சுத்த விட்டு, பழுது எதுன்னு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதுக்கு மார்க் போடுங்க. தறி ஓடுற வீட்டுல வளர்ற பிள்ளைக்கு தறிச் சத்தம் மாறினா உடனே தெரியும். நாலு வருஷம் மெஷின் படிக்கிற நமக்கும் அந்த அளவுக்காவது காது பழகணும்.