காலப் பெட்டி: அன்றும் இன்றும்

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் சிறிய ராக்கெட் ஒன்று வானில் பாய்ந்தது. இந்திய மண்ணிலிருந்து விண்வெளி ஆராய்ச்சிக்காக ஏவப்பட்ட முதல் ராக்கெட் அது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 23ஆம் நாள் மாலை, லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. ஒன்று மெய்யான ராக்கெட். மற்றொன்று மரப்பலகையில் செய்த கற்பனைக் கப்பல். ஒரே வாரத்தில் பிறந்த இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதில் நமக்குப் பயன் உண்டு.

அந்தத் தொடரை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்பவர் வேற்றுலகத்தவர். அவரிடம் ‘டார்டிஸ்’ என்னும் கலம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் தெருவில் நிற்கும் நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி; உள்ளே போனாலோ பெரிய கூடம். அது எந்த இடத்திற்கும் போகும், எந்தக் காலத்திற்கும் போகும். முதலில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியபோது, ‘டாக்டர் இறப்பதில்லை, வேறு உருவம் எடுப்பார்’ என்று 1966இல் கதையை அமைத்துவிட்டார்கள். அதனால்தான் நடிகர்கள் மாற மாறத் தொடர் நீண்டது. 1963 முதல் 1989 வரை நடந்தது பழைய காலம். இடையில் 1996இல் ஒரே ஒரு திரைப்படம். 2005 மார்ச் 26 முதல் நடப்பது புதிய காலம்.

பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்று இத்தொடரின் ரசிகர்கள் ஓயாது வாதாடுகிறார்கள். படத்தின் அழகைப் பார்த்தால் பழையது நிற்கவே முடியாது. ஆனால் விஞ்ஞானம் பயிலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கதையில் ஓர் இடர் வருகிறது. அதற்கு விடை எங்கிருந்து வந்தது? யோசனையிலிருந்தா, மந்திரத்திலிருந்தா? இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் இரண்டு காலங்களிலும் பொன்னும் உண்டு, பித்தளையும் உண்டு என்பது என் கருத்து.

இரண்டு ஆசிரியர்கள்

இத்தொடரைத் திட்டமிட்ட சிட்னி நியூமன், சிறுவர்களுக்கு விஞ்ஞானமும் சரித்திரமும் சொல்லித்தர வேண்டும் என்று விரும்பினார். ஆகவே டாக்டரோடு பயணம் செய்தவர்களில் இருவர் பள்ளி ஆசிரியர்கள். இயன் விஞ்ஞான ஆசிரியர். பார்பரா சரித்திர ஆசிரியை. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண். முதல் கதையை இயக்கியவர் நம் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன் என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

1964இல் வந்த ‘மார்கோ போலோ’ கதையில் பயணிகள் கோபிப் பாலைவனத்தில் தண்ணீரின்றித் தவிக்கிறார்கள். இரவில் டார்டிசின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிகின்றன. அதைச் சேர்த்துத் தாகம் தீர்க்கிறார்கள். தண்ணீரை மறைத்து வைத்திருந்தீர்களா என்று மார்கோ போலோ ஐயப்படும்போது, ஆவி குளிர்ந்து நீராவதை இயன் விளக்குகிறார். மார்கழி விடியலில் உங்கள் வீட்டு வாழை இலையில் பனித்துளி நிற்பதும் இதே விதிப்படிதான். நீங்கள் வகுப்பில் படித்த ஒன்று அங்கே நாலைந்து உயிர்களைக் காக்கிறது!

மற்றொன்றைப் பாருங்கள். டாலெக்குகள் என்னும் கொடிய இனத்தார் உலோகக் கூடுகளுக்குள் அமர்ந்து நகர்கிறார்கள். நகரத்தின் தரையும் உலோகம். அவை நகரும்போது எழும் ஒருவகை மின்வாடையை டாக்டரின் குழு கவனிக்கிறது. பொருட்காட்சியில் ஓடும் மோதல் கார்களின் நினைவு வருகிறது. அப்படியானால் தரையிலிருந்துதான் இவற்றுக்கு மின்சாரம் கிடைக்கிறது. தரையிலிருந்து பிரித்தால் நின்றுவிடும். உடனே ஒரு டாலெக்கை மேலங்கி ஒன்றின்மீது இழுத்து ஏற்றுகிறார்கள். அது செயலற்று நிற்கிறது. கவனித்தல், ஒப்பிடுதல், ஊகித்தல், சோதித்தல் என்று விஞ்ஞான முறையின் நான்கு படிகளும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

இதில் பிழை இல்லையா? உண்டு. ‘நிலைமின்சாரம்’ என்று கதை சொல்கிறது. ஆனால் இயந்திரத்தைத் தொடர்ந்து இயக்க மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டத்திற்கு முழுமையான சுற்று வேண்டும். மோதல் காருக்குத் தரை ஒரு முனை என்றால் மேலேயுள்ள கம்பிவலை மறு முனை. டாலெக்கிற்கு மறு முனை எங்கே? இக்கேள்வியைக் கேட்க முடிகிறதே, அதுதான் அக்கதையின் பெருமை. சோதித்துப் பார்க்கக்கூடிய பிழை, சோதிக்க முடியாத மந்திரத்தைவிட மேலானது.

பழைய காலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ஆசியப் பாத்திரங்கள் பலவற்றில் ஐரோப்பியர் சாயம் பூசி நடித்தார்கள். இருபத்தைந்து நிமிடக் கதைப் பகுதியில் பாதி நேரம் நடைகூடங்களில் ஓடியே கழிந்த நாட்களும் உண்டு. பழைய நாடாக்களைப் பி.பி.சி. அழித்துவிட்டதால் அறுபதுகளில் வந்த பகுதிகள் பல இன்று இல்லை. ‘மார்கோ போலோ’ கதையின் ஏழு பகுதிகளும் ஒலிவடிவில்தான் எஞ்சியுள்ளன.

புதிய காலம் தந்தவை

புதிய காலம் துணிந்து பெரிய இயற்பியலைத் தொட்டது. 2007இல் வந்த ‘பிளிங்க்’ கதையில் கல்தேவதைகள் வருகின்றன. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவை வெறும் கற்சிலைகள். கண் இமைத்தால் பாய்ந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தவர், கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பயின்ற இ.சி.ஜி. சுதர்சன். ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்துவிடும் என்று அவரும் வைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் கணக்கிட்டுக் காட்டினர். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இவ்விளைவைச் சோதனையிலும் கண்டனர். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே ‘பார்ப்பது’ என்றால் அளவிடுவது. மனிதக் கண்ணுக்கும் அதற்கும் உறவில்லை. கற்சிலை அளவுள்ள பொருளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

2017இல் வந்த ஒரு கதை இன்னும் சிறப்பு. நானூறு மைல் நீளமுள்ள கப்பல் ஒரு கருந்துளையின் அருகே சிக்கியிருக்கிறது. கருந்துளையை ஒட்டிய முனையில் சில நிமிடங்கள். மறு முனையில் அதே வேளையில் பல ஆண்டுகள். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் காட்டிய உண்மை. கதையில் அளவைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், விதியை மாற்றவில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. இதைத் திருத்தாவிட்டால் உங்கள் கைப்பேசி நாகர்கோவில் வடசேரி நிலையத்தைக் கடலுக்குள் காட்டும்.

அக்கதையில் வரும் சைபர்மனிதர்கள் பழைய காலத்தவர்கள். 1966இல் அவர்களைப் படைப்பதில் பங்குகொண்ட கிட் பெட்லர் ஒரு மருத்துவ விஞ்ஞானி. உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செயற்கை உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எந்த இடத்தில் மனிதனாக இல்லாமல் போகிறான் என்பது அவர் கேள்வி. பழைய காலத்தின் கேள்வியும் புதிய காலத்தின் இயற்பியலும் கைகோத்ததால்தான் 2017ஆம் ஆண்டுக் கதை உயர்ந்தது.

சரித்திரத்திலும் புதிய காலம் முன்னேறியிருக்கிறது. 2018இல் முதன்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், டாக்டராக வந்தார். அவ்வாண்டே 1947ஆம் ஆண்டுப் பஞ்சாப் பிரிவினையைப் பற்றிய கதை ஒன்று வந்தது. அதை எழுதியவர் வினய் பட்டேல்.

மந்திரத் திருப்புளி

இனி பித்தளையைப் பார்ப்போம். 1968இல் டாக்டரின் கைக்கு ஒலித் திருப்புளி ஒன்று வந்தது. ஒலியால் திருகாணியைக் கழற்றும் கருவி. முதலில் அது செய்ததும் அவ்வளவே. நாளடைவில் எந்தப் பூட்டையும் அது திறந்தது. டாக்டர் எங்கு அடைபட்டாலும் உடனே வெளிவந்துவிடுகிறாரே, கதைக்கு இடமெங்கே என்று தயாரிப்பாளருக்குத் தோன்றியது. 1982இல் கதையிலேயே அதை உடைத்துப் போட்டார்கள். நல்ல முடிவு!

புதிய காலம் அதை மீண்டும் கையில் கொடுத்தது. இப்போது அது பூட்டைத் திறக்கிறது, நோயைக் கண்டறிகிறது, கணினியை இயக்குகிறது. மரத்தில் மட்டும் வேலை செய்யாது என்று வேடிக்கையாக ஒரு வரம்பு வைத்தார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு கதையை முடித்தாக வேண்டும்; யோசிக்க நேரமில்லை; திருப்புளியை நீட்டினால் போதும். மோதல் காரை நினைத்து டாலெக்கை நிறுத்திய டாக்டர் எங்கே, இவர் எங்கே?

2014இல் வந்த ஒரு கதையில் நிலவு ஒரு முட்டை என்றார்கள். உள்ளே குஞ்சு வளர்வதால் நிலவின் நிறை கூடிவிட்டதாம். அடைகாக்கும் கோழிமுட்டையை நாள்தோறும் தராசில் வைத்துப் பாருங்கள். எடை கூடாது, நீராவி வெளியேறுவதால் சற்றுக் குறையும். கடைசியில் பிறந்த பறவை, உடனே நிலவளவு முட்டை ஒன்றை இட்டுவிட்டுப் பறந்து போகிறது! நிறை எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

‘கதைதானே ஐயா, கதையில் எதுவும் நடக்கலாமே’ என்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. காலத்தில் பறக்கும் பெட்டியே நடவாத ஒன்றுதான். வடிவியலில் ‘எனக் கொள்க’ என்று ஒன்றை எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படிக் கதைக்கும் ஒரு எடுகோளை அனுமதிக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டபின் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இக்கட்டு வரும்போதெல்லாம் புதிது புதிதாக ஒரு விதியைச் சேர்ப்பவர் கணக்குப் போடவில்லை, விடையைத் திருத்துகிறார்.

நம் கையிலும் உண்டு

தொலைக்காட்சித் தொடருக்காக இவ்வளவு கவலை எதற்கு? மந்திரத் திருப்புளி நம் ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது என்பதால்தான். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று முன்பே தெரியும். ஆகவே 9.8ஐ முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப அலைவு நேரங்களைப் பின்னோக்கி நிரப்பும் பதிவேடுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 9.4 வந்தால் அது தோல்வி அன்று. நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தாயா, கடிகாரத்தைச் சரியான கணத்தில் நிறுத்தினாயா என்று தேட அது ஒரு வாய்ப்பு. அந்தத் தேடலே பாடம்.

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து சென்றால் காவல்கிணறு. அதன் அருகே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. 2010 ஏப்ரல் 15இல் நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இயந்திரத்துடன் சென்ற முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. −253 பாகை செல்சியசில் இருக்கும் திரவ ஹைட்ரஜனைச் செலுத்தும் பம்பு ஒன்று நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தேடி, திருத்தி, மீண்டும் மீண்டும் சோதித்து, 2014 ஜனவரி 5இல்தான் வென்றார்கள். நாற்பத்தைந்து நிமிடம் அன்று. மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும். அந்தக் கிரையோஜெனிக் பணியில் முன்னின்ற வி. நாராயணன் நம் மாவட்டத்துக்காரர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானவர். அவர்களிடம் எந்தத் திருப்புளியும் இருக்கவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, பழைய தொடரையும் பாருங்கள், புதியதையும் பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இடர் என்ன? விடையைக் கண்டுபிடிக்க உதவிய செய்தி கதையில் முன்பே நமக்குத் தரப்பட்டதா? அந்த விடையை நம்மால் சோதித்துப் பார்க்க முடியுமா? பிறகு அதே மூன்று கேள்விகளை உங்கள் செய்முறைப் பதிவேட்டின் கடைசிச் சோதனைக்கும் கேட்டுப் பாருங்கள்.