கடலின் மீதா பழி?

ஒலுவில் கரையைக் கடல் விழுங்குகிறதாம், இயற்கையின் சீற்றமாம்! அதிகார பீடத்தார் ஓதும் இம்மந்திரத்தை நம்புவோர், பொத்துவிலிலிருந்து கல்முனை வரை கரையோரமாக நடந்து வந்து பார்க்கட்டும். இயலாதவர் பாலமுனையிலிருந்து நிந்தவூர் வரையேனும் நடக்கட்டும்.

பொத்துவில், சங்கமன்கண்டிப் பக்கத்தில் பாறைகள் கடலோரம் தலைநீட்டுகின்றன. கிழக்கிலங்கையின் அடித்தளமாகிய இப்பாறைக் குலத்தை விஜயன் தொகுதி என்பர் நிலவியலார். வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. வடக்கே வர வரப் பாறை மறைந்து மணலே கரையாகிறது. பாறை சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு வந்து சேர்ந்த மணல் அது. அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கே ஓயாது நகர்த்துகின்றன. கல்முனையார் கரைவலை இழுக்கும் மணலும் இவ்வாறு வழிப்போக்காக வந்ததே. (கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்தபின் ஆறு முன்போல் மணல் கொணர்வதில்லை என்பதும் உண்மை. அந்நீரை நம்பி வேளாண்மை செய்யும் நாம் அணையைக் குறை கூறவில்லை. உள்ள மணலையாவது மறிக்காதீர் என்கிறோம்.)

மறித்தார்கள்! டென்மார்க்கின் கடனில் 2008 இல் தொடங்கி 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே, பாலமுனைப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மீனவரின் வாடிகள் போயின. துறைமுக வாயிலையும் மணல் அடைக்க, படகுகள் நுழைய வழியின்றித் தவித்தன. ஒரே சுவரின் ஒருபுறம் மேடு, மறுபுறம் பள்ளம். இதுவா இயற்கையின் சீற்றம்?

பரிகாரமென்று கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் தன் காலடியைக் காக்கலாம். மணலை ஈன்று தராது. கல் முடியும் இடத்திலிருந்து அடுத்த ஊரை அரிக்கத் தொடங்குகிறது கடல். இன்று நிந்தவூர் எனில், நாளை காரைதீவும் சாய்ந்தமருதும் அல்லவா?

வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவில் டுவீட் ஆற்று முகத்தில் தெற்கே தேங்கும் மணலை 2001 முதல் குழாய் வழியே வடகரைக்குச் செலுத்தி வருகிறார்கள். அங்கும் மணல் வடக்கேதான் நகர்கிறது. அங்கும் சுவர்தான் மறித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

உறுதி கையிலிருக்க, காணி கடலுக்குள் கிடக்கும் குடியானவனுக்கு நட்டஈட்டைக் கணக்கிட்டுக் கொடுங்கள். பாலமுனையில் தேங்கிய மணலை ஆண்டுதோறும் அரசாங்கச் செலவில் ஒலுவிலின் வடகரைக்கு மாற்றுங்கள். என்று தொடங்குவீர்கள்? திகதியைச் சொல்லுங்கள்.