73ஆ, 66ஆ என்பதல்ல அவர்களுடைய பிரச்சினை

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

நமது நாட்டின் சாதாரண தரப் பரீட்சையில் கத்தோலிக்கத்துக்கு ஒரு வினாத்தாள், கிறிஸ்தவத்துக்கு வேறொரு வினாத்தாள். படிப்பிக்கும் எங்களிடம் பெற்றார் சிலர் கேட்பதுண்டு: "ரெண்டும் ஒண்டுதானே சேர், ஏன் ரெண்டு பேப்பர்?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு நமது வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றும் பதில் நல்லதல்ல. "ஒருவருடைய பைபிளில் 73 புத்தகம், மற்றவருடையதில் 66. வேதமே ஒன்றில்லை" என்று ஒரு படம், அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நமது பிள்ளைகள் அதைத் தம்மோடு படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வைக்கிறார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறன்று தாக்கப்பட்ட கொச்சிக்கடையும் கட்டுவப்பிட்டியும் கத்தோலிக்கத் தேவாலயங்கள். மட்டக்களப்பு சீயோன், புரட்டஸ்தாந்து வழியில் வந்த சுவிசேஷ சபை. நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொலை செய்தவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. அவர்களோடு ஒரே ஊரில் வாழும் நமக்குத் தேவை.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு இரு சாராருக்கும் ஒன்றுதான், 27 நூல்கள். வித்தியாசம் பழைய ஏற்பாட்டில். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள், ஆக ஏழு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இவை இருந்தன, எபிரேயப் பட்டியலில் இல்லை. பைபிளை இலத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோமுக்கே இவை பற்றித் தயக்கம் இருந்தது. மார்ட்டின் லூதர் இவற்றைக் கிழித்தெறியவில்லை. 1534இல் வெளிவந்த அவருடைய ஜேர்மன் பைபிளில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார், வாசிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்ற குறிப்போடு. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவை இருந்தன. கத்தோலிக்கர் 1546இல் திரெந்து சங்கத்தில் புதிதாகச் சேர்த்துக் கொண்டதாகச் சொல்வதும் பிழை. அவர்கள் ஏற்கெனவே நூற்றாண்டுகளாக வாசித்து வந்ததை அங்கே உறுதி செய்தார்கள், அவ்வளவுதான்.

சரி, ஏழு நூல்களுக்காக ஏன் இத்தனை இழுபறி? மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் இறந்தவர்களின் பாவத்துக்காக மன்றாடிக் காணிக்கை அனுப்பிய சம்பவம் ஒன்று வருகிறது. இறந்தோருக்காக மன்றாடுவதற்கும், ஆன்மா தூய்மை பெறும் 'உத்தரிக்கிற ஸ்தலம்' உண்டு என்பதற்கும் கத்தோலிக்கர் காட்டும் ஆதாரங்களில் அது முக்கியமானது. 1517இல் ஜேர்மனியில் வெடித்த சண்டையும் இதைச் சுற்றியதுதான்.

ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டும் செலவுக்காக அப்போது பாவமன்னிப்புச் சீட்டு விற்கப்பட்டது. பாவம் செய்ய முன்கூட்டியே வாங்கும் அனுமதிச் சீட்டு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது அப்படியல்ல. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்ற பிறகும் தீர்க்க வேண்டிய தண்டனை மிச்சமிருக்கிறது, அதைத் திருச்சபை குறைக்கலாம் என்பது கோட்பாடு. ஆனால் விற்க வந்த தெற்சல் போன்றவர்கள் பாமர மக்களிடம் பேசிய விதம் வேறு. லூதர் 95 கருத்துகளை எழுதியது அதை எதிர்த்துத்தான். அந்த நேரத்தில் பாப்பரசரின் பதவியை ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

சண்டை திசை மாறியது இரண்டு வருடம் கழித்து, லைப்சிக் நகர விவாதத்தில். எதிரே இருந்த எக் என்ற அறிஞர் கெட்டிக்காரர். காசுப் பேச்சை விட்டுவிட்டு லூதரை அதிகாரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். பாப்பரசர் மட்டுமல்ல, திருச்சபையின் பொதுச் சங்கமும் தவறலாம் என்று லூதர் வாயால் சொல்லும்படி ஆயிற்று. ஏறத்தாழ நூறு வருடம் முன்பு, 1415இல், யான் ஹுஸ் என்பவரைத் தீயிலிட்டதும் அப்படியான ஒரு சங்கம்தானே. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையில் நிறுத்தப்பட்டபோது, வேதத்தாலும் தெளிவான நியாயத்தாலும் நிரூபித்தாலன்றித் தன் எழுத்துகளை வாபஸ் வாங்க மாட்டேன் என்றார்.

மேரி அன்னை, சொரூபம், குருமார் திருமணம் என்று பிறகு எத்தனையோ தலைப்புகள் வந்தன. எங்கள் பார்வையில் அவையெல்லாம் கிளைகள். வேதத்துக்கு இதுதான் பொருள் என்று கடைசியாகச் சொல்பவர் யார் என்பதுதான் வேர்.

இதில் இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது, இரு பக்கமும் அடியும் வாங்கியிருக்கிறது. வேதம் மட்டுமே போதும் என்றவர்கள் 1529இல் மார்பேர்க்கில் கூடினார்கள். ஒரு பக்கம் லூதர், மறுபக்கம் சுவிற்சர்லாந்தின் ஸ்விங்லி. 15 விடயங்களில் 14இல் உடன்பட்டார்கள். கடைசி விடயத்தில், இராப்போசன அப்பத்தைக் காட்டி இயேசு சொன்ன "இது என் சரீரம்" என்பதில் தட்டுப்பட்டது. உண்மையாகவே சரீரம் என்றார் லூதர், அந்த வசனத்தை மேசையில் சுண்ணக்கட்டியால் எழுதியும் வைத்தார். 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார் ஸ்விங்லி. இருவர் கையிலும் ஒரே வேதம். தீர்ப்புச் சொல்ல மூன்றாம் ஆள் இல்லை. பிரிந்து போனார்கள். இதனால்தான் அதிகாரம் வேண்டும் என்கிறோம் என்று கத்தோலிக்கர் சொன்னால் மறுக்க முடியாது.

ஆனால் அந்த அதிகாரம் என்ன செய்தது? பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் நடந்த அநியாயங்களைத் திரெந்து சங்கமே 1563இல் கண்டித்தது. காசுக்குக் கொடுப்பதை 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் ஒழித்தார். அதாவது லூதர் கேட்ட முதல் கேள்விக்குச் சரியாக 50 வருடம் கழித்து, ஐரோப்பா இரண்டாகப் பிளந்த பிறகு, பதில் கிடைத்தது. கேட்ட அன்றே திருத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பரீட்சையில் புள்ளி இல்லை, ஆனாலும் பேச வைக்க வேண்டிய கேள்வி.

பாவம் பற்றிய பகுதியில் நம்மவர்கள் அவசரப்படுவார்கள். இடையில் குரு இல்லாமல் நேரே இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதால் புரட்டஸ்தாந்தர் நமக்கு நெருக்கம் என்பார்கள். தௌபாவோடு ஒப்பிட்டால் அப்படித் தெரியும். (லூதரே கடைசிவரை பாவசங்கீர்த்தனத்தைப் போற்றியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) ஆனால் ஆதிப் பாவத்துக்கு வாருங்கள். ஆதமின் பாவத்தால் மனித இயல்பு காயப்பட்டது, சுய விருப்பம் பலவீனமானது, ஆனால் அழியவில்லை என்பது கத்தோலிக்கப் போதனை. லூதரும் கல்வினும் அதைவிடக் கடுமையானவர்கள். மனிதன் தன் சக்தியால் இறைவன் பக்கம் திரும்பவே முடியாத அளவுக்குக் கெட்டுப் போனான் என்றார்கள். குழந்தை தூய இயல்பில் பிறக்கிறது என்று நம்பும் நமக்கு இந்த இடத்தில் புரட்டஸ்தாந்தர்தான் அதிக தூரம். அறிஞர்களின் ஏகோபித்த முடிவையும் மத்ஹபுகளையும் மதிக்கும் நமக்கு, வேதத்தோடு மரபும் வேண்டும் என்ற கத்தோலிக்க வாதம் அந்நியமாகவும் இல்லை. நமக்கு யார் கிட்ட என்று அளந்து பார்ப்பதால் அவர்களை விளங்கிக்கொள்ள முடியாது.

இந்தச் சண்டை நமது மண்ணுக்கும் வந்தது. போர்த்துக்கேயரைத் துரத்திய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர், அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஒரே இயேசுவை வணங்குபவர்களே கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளை ஒளிந்து திரிய வைத்தார்கள். 1687இல் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர் அவர். கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் அங்கேயே பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர் ஊழியம் செய்ய இடம் கொடுத்தான். அதற்கு முன்பு போர்த்துக்கேயர் விரட்டிய நம் முன்னோருக்குக் கிழக்கில் இடம் கொடுத்ததும் கண்டி மன்னன் செனரத்தான். காலிமுகத்திடலில் 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது தொலைக்காட்சியில் பார்த்தோமே, அது இந்தக் கதையின் தொடர்ச்சிதான்.

மனிதன் இறைவன் முன் நீதிமானாவது எப்படி என்ற பழைய சண்டையில் கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் 1999 ஒக்டோபர் 31இல் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டார்கள். மெதடிஸ்த சபையினர் 2006இல் சேர்ந்துகொண்டார்கள். ஆனாலும் ஒரே மேசையிலிருந்து அப்பமும் இரசமும் பகிர இன்றுவரை பொதுவான அனுமதி இல்லை. அந்த மேசையில் நின்று அப்பத்தை ஆசீர்வதிக்க யாருக்கு உரிமை என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.

இந்தக் கடைசி விடயத்தை நம்மைவிட அழகாக விளக்கக்கூடிய கத்தோலிக்க, கிறிஸ்தவ பாட ஆசிரியர்கள் நமது நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். டீச்சர்மாரே, சேர்மாரே, கீழே எழுதுங்கள். நம்மவர்கள் வாசிப்பார்கள்.