மின்சாரமும் அங்கத்தினர் கடமையும்

தறி ஓடுகிறது, கிணற்று நீர் வாய்க்காலில் பாய்கிறது. கெடு வந்தால் மின் கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம். அந்த மின்சாரம் எங்கே பிறந்தது, யாருக்குச் சொந்தமான கம்பியில் வந்தது என்று நாம் கேட்பதில்லை. நூலின் நம்பரையும் உரத்தின் தரத்தையும் விசாரித்து வாங்கும் நாம், இதை மட்டும் விசாரியாமல் வாங்குகிறோம். இது சரியன்று என்பது நம் கருத்து.

மின் விநியோகத்தை உபயோகிப்போரே ஏற்று நடத்த முடியும் என்று பெரிய அளவில் காட்டியவர்கள் அமெரிக்கக் குடியானவர்கள். 1930களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்வசதி இருந்தது. வீடுகள் தூரதூரமாக இருந்தமையால், லாபம் வாராது என்று தனியார் கம்பெனிகள் கம்பி இழுக்க முன்வரவில்லை. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்வசதிக்கென ஒரு நிர்வாகத்தை நிறுவினார். 1936இல் சட்டமும் இயற்றப்பட்டது. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் தந்தது. குடியானவர்கள் சங்கம் கூடித் தமக்கு வேண்டிய கம்பித் தொடர்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். இன்று அங்கே சுமார் 900 சங்கங்கள் 4 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒளி தருகின்றன. அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. மிச்சம் நின்றால், அவரவர் உபயோகித்த அளவுக்கேற்ப அவரவர் கணக்கில் வரவு.

நம் நாட்டில் 1969இல் கிராம மின்மயமாக்கக் கார்ப்பொரேஷன் தோன்றியபின், இம்முறை ஐந்து இடங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. இன்று தெலங்கானாவில் உள்ள சிர்சில்லா அவற்றுள் ஒன்று. விசைத்தறி நெசவாளர் நிறைந்த ஊர். 1970இல் பிறந்த அச்சங்கம் இன்றும் இயங்கிவருகிறது. மகாராஷ்டிரத்தின் முளா பிரவரா சங்கமோ, வாங்கிய மின்சாரத்துக்கான பாக்கி மலைபோல் பெருகி, 2011இல் விநியோக உரிமையை இழந்தது. ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்றுகளின் கதி இவ்வாறு வேறுபட்டது.

இங்கே ஓர் உண்மையை உணரவேண்டும். கம்பமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சங்கத்துக்குச் சொந்தம். அவற்றில் ஓடும் மின்சாரமோ பெரும்பாலும் வெளியே வாங்கப்படுவது. நூல் வாங்கி நெய்யும் சங்கத்தைப் போன்றதே இதுவும். ஆனால் நூலைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் சேமிப்பது இன்றும் செலவு மிக்க காரியம். ஆகவே ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் உபயோகமும் சமமாக நிற்கவேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் தராசு முள்ளே அதிர்வெண். நம் நாட்டில் அது வினாடிக்கு 50. உபயோகம் மிஞ்சினால் முள் இறங்கும்; மிக இறங்கினால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிக்கொள்ளும்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் பளு மிகுந்த ஒரு கம்பித் தொடர் விலக, மற்றவையும் அடுத்தடுத்து விலகின. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றுமே சாய்ந்தன. தெற்குத் தொகுப்பு அவற்றோடு ஒரே அதிர்வில் இணையாதிருந்தமையால் தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் அதுவும் இணைந்துவிட்டது. கூடி வாழ்ந்தால் உதவியும் வரும். அயலார் பிழையும் வரும்.

எனினும் தனித்து நிற்பதே க்ஷேமம் என்று எண்ணலாகாது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத் தொகுப்பு பெரும்பாலும் தனித்தே நிற்பது. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் அங்கே பல நிலையங்கள் நின்றுபோயின. அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லை. மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏறிச் சில நாட்கள் அங்கேயே நின்றது. 16 சங்கங்களுக்குச் சொந்தமான பிராசோஸ் மின் கூட்டுறவு, 180 கோடி டாலருக்கு மேற்பட்ட பட்டியலைத் தாங்காமல் மார்ச் 1ஆம் தேதி திவால் மனுச் செய்தது. அங்கத்தினர் செய்த குற்றம் ஏதுமில்லை. ஆயினும் சுமை இறுதியில் அவர்களையே சார்ந்தது.

"இவையெல்லாம் இன்ஜினீயர்கள் பார்க்கவேண்டிய விஷயம், நமக்கென்ன?" என்று சிலர் கூறலாம். கம்பத்தில் ஏறுவது இன்ஜினீயரின் ஆட்கள். கடனை ஏற்பது அங்கத்தினர். நாமும் என்றேனும் இத்தகைய சங்கம் அமைக்க விரும்பினால், மகாசபையில் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்கவேண்டும். யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறோம்? வாங்கிய யூனிட்டுகளில் எவ்வளவு வழியில் நஷ்டமாகிறது? வசூலாகாமல் நிற்பது எவ்வளவு? சற்று மாற்றிக் கேட்டால், இக்கேள்விகள் இன்றைய நம் நூல் கிடங்குக்கும் உரக் கிடங்குக்கும் பொருந்தும்.

சங்கம் நம்முடையது என்பதற்குக் கட்டணத்தைத் தள்ளிப்போடலாம் என்பது பொருளன்று. கணக்கைக் கேட்கும் உரிமையும் கணக்கைத் தீர்க்கும் கடமையும் நம்முடையவை என்பதே பொருள். அடுத்த மகாசபைக்கு வரும் அங்கத்தினர்கள் கையொப்பமிட்டுத் திரும்பாமல், வரவு செலவு அறிக்கையைப் படித்துக் கேள்வியோடு வருவார்களாக.