முதுகுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

வண்டலூரில் குடியிருப்பவனுக்கு ஜி.எஸ்.டி. ரோடு தருகிற இலவச இணைப்பு, முதுகுவலி. "கேரளா போய் ஆயுர்வேதம் பார்த்துட்டு வரலாமேங்க..." என்றாள் மனைவி. அவள் கண்ணில் கோவளம் பீச் தெரிந்தது!

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? நோட்டில் கோடு போட்டேன்.

கோவளம் ரிசார்ட்: மூன்று நாள், எண்ணெய் மசாஜ், இளநீர். சுகம்தான், ஆனால், வைத்தியம் என்று சொல்ல முடியாது. நிஜப் பஞ்சகர்மா என்றால் பேதி, வஸ்தி என்று வரிசையாக உண்டு. வாரக்கணக்கில் லீவு வேண்டும், கூடவே பத்தியம்!

கோட்டக்கல்: 1902-ல் பி.எஸ்.வாரியர் தொடங்கிய ஆரிய வைத்தியசாலை. மங்களூர் மெயிலில் ஏறித் திரூரில் இறங்கணும். எத்தனை நாள் என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்வார். மலையாளிகள் சிகிச்சைக்கு உகந்ததாக நினைப்பது கர்க்கடக மாசம். நம்ம ஆடி!

அப்பா நோட்டை எட்டிப் பார்த்தார். "டேய், அந்தக் கணக்குல என் முட்டியையும் சேர்த்துக்கோ. மொட்டை மாடிக்குப் போயே ரெண்டு வருஷமாச்சு."

மாடிக் காற்று அவருக்குப் பிடிக்கலை என்றல்லவா நினைத்திருந்தேன்? இத்தனைக்கும் ஒரே வீடு!

மறுநாள் எலெக்ட்ரிக் ட்ரெயின். மூன்றாவது ஸ்டேஷன், தாம்பரம் சானடோரியம். 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஆயுர்வேதம் இல்லை, சித்தா. இருக்கட்டுமே! முதல் சீட்டு அப்பாவின் முட்டிக்கு. ரெண்டாவது என் முதுகுக்கு.

கோவளம்? நோட்டில் அப்படியேதான் இருக்கிறது. 'மருத்துவச் செலவு' என்பதை அடித்துவிட்டு 'சுற்றுலா' என்று எழுதிவிட்டாள் மனைவி!