லாரி அறிவியல் இல்லையாம்!

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. தாலுகா தலைமையிடம். பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். சுற்றிலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அங்கே என் சித்தப்பா வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்காகப் போயிருந்தேன். பந்தி முடிந்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்ந்தேன். தம்பி மகன், ஏழாவது படிக்கிறவன், மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

''பெரியப்பா, ஒண்ணு காட்டவா? அப்பாகிட்ட சொல்லக்கூடாது.''

எனக்கு பகீரென்றது. இந்தக் காலத்துப் பையன்கள் அப்பாவுக்குத் தெரியாமல் காட்டுகிற விஷயம் என்றால் என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது ஒரு லாரி. பழைய வேட்டியில் சுற்றி வைத்த, ஒரு முழத்துக்கும் குறைவான டிப்பர் லாரி!

கடையில் வாங்கியது இல்லை. அட்டை, ஐஸ் குச்சி, தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய டயர், பேனா குழாயில் சைலன்சர். என் சித்தப்பா பதினெட்டு வருடம் ஓட்டிய லாரி அது. ஜல்லி ஏற்றியது, மணல் ஏற்றியது, கடைசிக் காலத்தில் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடித்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அதை விற்றுவிட்டார்கள். இடது பக்கக் கதவில் ஒரு நெளிவு இருந்தது. அட்டை நனைந்து மடங்கிவிட்டதோ என்று கேட்டேன்.

''இல்ல பெரியப்பா. தாத்தா தொழுதூர்கிட்ட ஒருதடவை இடிச்சாருல்ல... அந்த நெளிவு.''

அளவு எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். லாரிதான் கையில் இல்லையே! பையன் சொன்ன பதிலில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் வீட்டில் இருக்கிறது. அதில் 'வீல் பேஸ்', அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில் போட்டிருக்கும். அதை 25-ஆல் வகுத்திருக்கிறான். ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர். உயரத்துக்கு? ஒரு பொங்கல் போட்டோவில் சித்தப்பா லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் உயரம் 5 அடி 6 அங்குலம். போட்டோவில் தாத்தாவையும் லாரியையும் ஸ்கேலால் அளந்து, விகிதம் போட்டு, லாரி உயரத்தைக் கண்டுபிடித்திருக்கிறான்.

அதோடு விடவில்லை. தொட்டிக்கு அடியில் ஒரு ஊசிமருந்து சிரிஞ்ச். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் இன்னொரு சிரிஞ்ச். உள்ளே தண்ணீர். இதை அமுக்கினால் அது உயர்கிறது, தொட்டி பின்பக்கம் சாய்கிறது, கொட்டி வைத்த கொள்ளு சரசரவென்று இறங்குகிறது.

''முதல்ல கையில சின்ன சிரிஞ்ச், அடியில பெரிய சிரிஞ்ச் வெச்சேன் பெரியப்பா. லேசா அமுக்குனாலே தூக்குச்சு. ஆனா கொஞ்சூண்டுதான் தூக்குச்சு. அப்புறம் ரெண்டையும் ஒரே சைசா மாத்துனேன். அமுக்குறது கஷ்டம், ஆனா முழுசா தூக்குது.''

இதற்குப் பெயர் பாஸ்கல் விதி. சின்னக் குழாயில் கொடுக்கிற அழுத்தம் பெரிய குழாயில் அதிக விசையாக மாறும். அதற்கு ஈடாக நகர்கிற தூரம் குறையும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும். பி.காம். படித்த எனக்கு வரவு - செலவு என்று சொன்னால்தான் இது புரியும். பையனுக்குக் கைவழியாகவே புரிந்திருக்கிறது.

சரி, இதை ஏன் பரணில் ஒளித்து வைக்க வேண்டும்?

அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. (பெயர் வேண்டாம். உங்கள் ஊரிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும்.) லாரியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். ''லாரியில என்னடா அறிவியல்? பெரியவனாகி லாரி ஓட்டப் போறியா?'' என்று கேட்டுவிட்டார்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. 'வேற ஏதாவது நல்லதா கொண்டு வா' என்று அனுப்பிவிட்டார்கள். தம்பி என்ன செய்தான்? பெரம்பலூரில் ஒரு கடையில் 450 ரூபாய் கொடுத்து ரெடிமேட் எரிமலை வாங்கி வந்தான். தெர்மாகோல் மலை, உள்ளே சோடா உப்பு, மேலே வினிகர். பொங்கி வழிந்தது. இரண்டாம் பரிசு!

எரிமலைக்கும் பெரம்பலூருக்கும் என்ன சார் சம்பந்தம்? சாத்தனூரில் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற மாவட்டம் இது. அதைப் பற்றி ஒரு அட்டை மாடல் செய்தால்கூட அர்த்தம் உண்டு. போகட்டும். சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தால் நுரைப்பது வேதியியல். எரிமலை வெடிப்பதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. அதற்குப் பரிசு. பாஸ்கல் விதிக்குப் பரண்!

தம்பியிடம் சண்டைக்குப் போனேன். அவன் சொன்ன பதிலையும் நியாயமாக உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

''அண்ணே, அப்பா ராத்திரி பகலா ஸ்டியரிங் புடிச்சாரு. முதுகுத்தண்டு தேஞ்சுபோச்சு. டோல்கேட்ல, செக்போஸ்ட்ல எவன் எவனோ 'ஏய் டிரைவர்'னு கூப்புட்டான். அதெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். என் பையன் பொம்மைக்குக்கூட லாரியைத் தொடக்கூடாதுண்ணே.''

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் பாதியானது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். 'குலக்கல்வி' என்று நாடு கொதித்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. போக வேண்டியதுதான். அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுகிற எந்தத் திட்டத்துக்கும் நான் முதல் எதிரி.

ஆனால், குலத்தொழிலை விரட்டுகிற அவசரத்தில் கைத்திறனையும் சேர்த்து அல்லவா விரட்டிவிட்டோம்! தாத்தா லாரியைப் பேரன் அட்டையில் செய்வது டிரைவர் வேலைக்குப் போடுகிற விண்ணப்பம் இல்லை. டாக்டர் மகன் லாரி செய்யட்டும். டிரைவர் மகள் ரயில் இன்ஜின் செய்யட்டும். வீட்டு வாசலில் நிற்கிற வண்டிதான் குழந்தைக்கு முதலில் கிடைக்கிற இயந்திரம். அதைத் தொட்டு, அளந்து, பிரித்து, சேர்த்துப் பார்க்கிறவன் இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் போகுமுன்பே பாதி இன்ஜினீயர். தொடாமலேயே நாலு வருடம் படித்து முடிக்கிறவன் யார் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருத்தர் இருக்கிறார்.

இது ஏதோ வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற சங்கப் புலவர் பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த சிறுதேரைப் பாடுகிறார். அவரே பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரையில்லாமல் உருட்டுகிற மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம். கடவுளே ஆனாலும் குழந்தையாகப் பாடும்போது கையில் ஒரு பொம்மைத் தேரைக் கொடுத்த ஜாதி நாம். நுங்கு வண்டி ஓட்டாத கிராமத்துக்காரர் இதைப் படிப்பவர்களில் யாராவது உண்டா?

வெளியூர்க் கதையும் கேளுங்கள். லண்டனில் ஜாக் ஓடெல் என்று ஒரு இன்ஜினீயர். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று அவர் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி. 1952-ல் அவர் மகளுக்காக ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டி அளவுக்குச் செய்து கொடுத்தார். அடுத்த வருடம் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. உலகம் முழுக்க ஓடின.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை பள்ளிப் பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியை அச்சு அசலாகச் செய்ய வேண்டும். பிறகு, நீயே கற்பனை செய்த காரைச் செய் என்றார்கள். ஜெயித்தவனுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. 1947-ல் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன், பின்னாளில் அதே கம்பெனியின் டிசைன் பிரிவுக்கே தலைவரானார். 'பெரியவனாகி கார் செய்யப் போறியா?' என்று அவனையும் கேட்டிருப்பார்கள். ஆமாம், செய்தான்!

ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊர். அங்கே 'தாமியா' என்ற கம்பெனி 1946-ல் மரம் அறுக்கும் ஆலையாகத்தான் ஆரம்பித்தது. 1948-ல் மரத்தில் மாடல் செய்யத் தொடங்கினார்கள். பிற்பாடு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இன்று உலகத்தில் மாடல் கார் செய்கிற எவனைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வான். மரம் அறுத்த ஊர் மாடல்களின் ஊராகிவிட்டது.

நமக்கு அப்படி ஒரு ஊர் இல்லையா? இருக்கிறது சார். வேப்பந்தட்டை தாலுகாவிலேயே இருக்கிறது! அரும்பாவூர். அங்கேயும் பக்கத்துத் தழுதாழையிலும் செதுக்குகிற மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம் என்று செதுக்குகிறவர்கள். அளவு, விகிதம், தாளம் எல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். அந்தக் கைகளில் ஒரு சின்ன டிப்பரோ, ஒரு மாட்டு வண்டியோ, நின்றுபோன அம்பாசிடர் காரோ எப்படி வரும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை புத்தி எனக்கு. எண்ணையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக்கினார்கள். 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்கிற பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளுக்கும் விலக்கு. அதாவது வெளியே மதில் கட்டி, உள்ளே கதவைத் திறந்து வைத்தார்கள். நல்லது. ஆனால், மதிலுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? செய்யத் தெரிந்த பையனைப் பரணில் ஏற்றிவிட்டு, யாருக்காக வரி போடுகிறோம்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அதற்கு ஒரு மந்திரியோ ஒரு அரசாணையோ தேவையில்லை. கண்காட்சியில் குழந்தை தன் கையால் செய்தது மட்டும்தான் வைக்கப்படும், கேள்வி கேட்டால் அதுவே பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடங்கள் ஒரு வரி எழுதி ஒட்டட்டும். கடைக்கார எரிமலைகள் அன்றே அணையும். பெற்றோர்களே, அந்த 450 ரூபாய்க்கு ஒரு நல்ல ஸ்கேல், ஒரு பசை டப்பா, ஒரு சின்ன ரம்பம் வாங்கிக் கொடுங்கள். கோணலாக வரட்டும். கோணலாக வந்தால்தான் ஏன் கோணியது என்று யோசிப்பான்.

அரும்பாவூர் ஆசாரி ஒருவரை வருடத்துக்கு ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லட்டும். டிரைவரையும் மெக்கானிக்கையும் 'ஏய்' என்று கூப்பிடுகிற வழக்கம் அங்கேயிருந்துதான் ஒழிய ஆரம்பிக்கும். என் தம்பியின் கோபத்துக்கு மருந்து லாரியை ஒளிப்பதில் இல்லை. லாரி ஓட்டியவரை மதிப்பதில்தான் இருக்கிறது.

வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு ஓடுகிற லாரிக்கு வருடம் 30 சதவீதம் தேய்மானம். 10 லட்ச ரூபாய் லாரி பத்து வருடத்தில் ஏட்டளவில் சுமார் 28 ஆயிரமாகிவிடும். நான் படித்த படிப்பு அவ்வளவுதான் சொல்லும். அந்த லாரிதான் ஒரு வீட்டைக் கட்டியது, ஒரு தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது, ஒரு பேரனைப் பள்ளிக்கு அனுப்பியது என்பதற்கு ஏட்டில் கட்டமே கிடையாது.

கிளம்புமுன் பையனையும் லாரியையும் சித்தப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மனுஷர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டியைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். நெளிந்த கதவை விரலால் தடவினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

''எல்லாம் சரியா இருக்குடா. ஆனா வலது பக்கப் பின்பட்டை கொஞ்சம் இறங்கி இருக்கும். லோடு ஏத்துனா வண்டி அந்தப் பக்கமா லேசா சாயும்.''

பையன் உடனே ஓடிப்போய் பென்சில் எடுத்து வந்து குறித்துக்கொண்டான்.

அந்தக் கண்காட்சிக்கு நடுவராக உட்கார வேண்டியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அவர் முகவரி வேண்டுமென்றால், பேரனையே கேட்டுக்கொள்ளலாம்.